பொறுத்தார் நிலவை அடைந்தார்



நான் வாழும் ஊர் மேட்டூர். 1925-ஆம் ஆண்டு தொடங்கி 1934-ஆம் ஆண்டு முடிவுற்ற ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் நிழலிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அணையில் நீர் இருப்புப் போதுமானதாக இருக்கும் ஆண்டுகளில், ஜூன் மாதம் 12-ஆம் நாள் டெல்டாப் பாசனத்திற்காக நீர் திறந்துவிடுவது வழக்கம். மலர் தூவுவார்கள், கூடியிருக்கும் மக்கள் கைகூப்புவார்கள், வெண்ணுரை பொங்கக் காவிரி புறப்படுவாள். அந்தக் காட்சியை நீங்களும் படங்களிலேனும் கண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்த நாளுக்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையைப் பலர் கண்டிருக்கமாட்டார்கள். மதகுகளின் இரும்புக் கதவுகளை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பார்கள். சங்கிலிகளையும் பற்சக்கரங்களையும் சோதித்து மசகிடுவார்கள். எந்தக் கதவாவது ஏற மறுத்தால் அதைச் செப்பனிட்ட பிறகே மேற்கொண்டு செல்வார்கள். காரணம் மிக எளியது. திறந்துவிட்ட நீரைத் திரும்பி வா என்று அழைக்க எவராலும் இயலாது.

கைவிட்டுப் போனால் திரும்ப அழைக்க முடியாத பொருள்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்றன் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது விண்ணுக்குச் சென்ற ஒரு கலத்தின் வரலாறு. அக்கலத்தை நடத்திய கணிப்பொறி நிரலின் வரலாறு. குறை தெரிந்தபோது "இன்று வேண்டாம்" என்று சொல்லத் துணிந்த மனிதர்களின் வரலாறு. அதில் நம் சேலம், நாமக்கல் வட்டார மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

மேட்டூரிலிருந்து காவிரியின் போக்கிலேயே தெற்கே சென்றால் பவானியும் ஈரோடும் கடந்து நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர்ப் பக்கம் வந்து சேரலாம். அப்பகுதியில் சித்தம்பூண்டி, குன்னமலை என்ற சிற்றூர்கள் இருக்கின்றன. அங்குள்ள நிலத்தில் வெண்மையும் சாம்பல் நிறமும் கலந்த ஒருவகைப் பாறை கிடைக்கிறது. நிலநூலார் அதனை அனார்த்தோசைட் என்று அழைப்பர். மிகத் தொன்மையான பாறை அது. வழிப்போக்கர் கண்ணுக்கு அது வெறுங் கல். ஆட்டுக்கிடை போடுவோருக்கு அது தரிசு. ஆனால் சந்திரனின் மேட்டு நிலங்களில் நிறைந்திருப்பதும் இதே இனப் பாறைதான். 1969 முதல் 1972 வரை அமெரிக்க அப்போலோ வீரர்கள் சந்திரனிலிருந்து கொண்டுவந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் ஆராய்ந்ததிலிருந்து இந்த உண்மை உறுதிப்பட்டது.

சந்திரனில் ஒரு கலத்தை மெல்ல இறக்கிப் பார்க்க நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ முனைந்தபோது, அதற்கு முன்னால் பூமியிலேயே இறக்கிப் பார்க்கச் சந்திர மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அதை அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்குவதென்றால் பெருஞ் செலவு. அப்போது சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் அறிஞர்களும் பிற நிறுவனங்களின் ஆய்வாளர்களும் நம் வட்டாரப் பாறையைச் சுட்டிக்காட்டினர். பாறை வெட்டப்பட்டது, சேலத்துக் கல்லுடைக்கும் ஆலைகளில் நுண்பொடியாக அரைக்கப்பட்டது, பெங்களூருக்குச் சென்றது. 2012 முதல் ஏறத்தாழ 50 டன் அளவுக்கு இவ்வாறு அனுப்பப்பட்டது. அந்த மண்ணைப் பரப்பி, இறங்கு கலத்தின் கால்கள் அதில் எவ்வாறு ஊன்றும், ஊர்தியின் சக்கரங்கள் எவ்வாறு உருளும் என்றெல்லாம் சோதித்தனர். கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரேயில் செயற்கைப் பள்ளங்களை வெட்டி, சந்திரப் பரப்புப் போலாக்கி, மேலே பறந்து கருவிகளின் பார்வையைச் சோதித்தனர்.

இவ்வளவு சோதனை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சந்திரனுக்கும் நமக்கும் இடையே சராசரி 3,84,000 கிலோமீட்டர் தொலைவு. ஒளியே சென்றுசேர ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. கலம் இடறும் செய்தி நம்மை எட்டி, நம் கட்டளை மீண்டும் அதை அடையுமுன் இரண்டரை விநாடி கடந்துவிடும். விநாடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும் கலத்துக்கு அது நெடுங்காலம். ஆகவே கடைசி இருபது நிமிடம் போல், மனிதன் கைகட்டி நிற்கிறான். கலத்தினுள் இருக்கும் கணிப்பொறியும் அதில் முன்கூட்டியே எழுதிவைத்த நிரலுமே முடிவுகளை எடுக்கின்றன. நிரலில் பிழை இருந்தால் அதைத் திருத்தும் வேளை கலம் இறங்கத் தொடங்குவதற்கு முன்னால்தான்; தொடங்கிய பின்னர் இல்லை.

இங்கே நம் கைகளில் புழங்கும் கைப்பேசிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றை நடத்தும் இயங்குதளத்தில் குறை இருந்தால் அடுத்த வாரம் ஒரு திருத்தத்தை அனுப்பிவிடுகிறார்கள். அதனால் "முதலில் வெளியிடுவோம், பிறகு திருத்துவோம்" என்ற பழக்கம் வளர்ந்துவிட்டது. இந்தச் சிக்கல் புதிதன்று. 1964-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் புகழ்பெற்ற சிஸ்டம் 360 கணிப்பொறிகளை அறிவித்தபோது, யந்திரங்கள் ஆயத்தமாகிவந்தனவேயன்றி அவற்றை நடத்தும் இயங்குதளம் ஆயத்தமாகவில்லை. குறித்த நாள் தவறிக்கொண்டே சென்றது. அப்பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், பின்னர் 1975-இல் ஒரு நூல் எழுதித் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார். தாமதமாகிவிட்ட நிரற்பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. பத்துப் பேர் சேர்ந்து கிணறு வெட்டலாம். பத்துப் பேர் சேர்ந்தாலும் நாற்று ஒரே நாளில் கதிர் விடாது அல்லவா? சில வேலைகளுக்கு உரிய காலத்தைக் கொடுத்தே தீரவேண்டும்.

நம் நாட்டு ராக்கெட் வரலாற்றில், குறை கண்டு நிறுத்திய நாள்கள் மூன்றை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

முதல் நாள் 28 மார்ச் 2001. ஜி.எஸ்.எல்.வி. என்னும் புதிய ராக்கெட்டின் முதற் பயணம். ஸ்ரீஹரிகோட்டாவில் இறங்குமுக எண்ணிக்கை ஏறத்தாழ முடிந்துவிட்டது. பக்க எந்திரங்கள் தீப்பற்றிக்கொண்டன. ராக்கெட் மேலெழ ஒரு விநாடியே இருந்தபோது, நான்கு பக்க எந்திரங்களுள் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை என்பதைக் கணிப்பொறி கண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்றியது. ஆனால் குறை களையப்பட்டு, மூன்று வாரங்களுக்குள் ஏப்ரல் 18-ஆம் நாள் அதே ராக்கெட் வானில் ஏறியது.

இரண்டாம் நாள் 19 ஆகஸ்ட் 2013. இதற்கு முன் 2010-ஆம் ஆண்டில் மட்டும் இருமுறை ஜி.எஸ்.எல்.வி. தோற்றிருந்தது. ஆகவே நாடு ஆவலோடு காத்திருந்தது. புறப்பட ஒரு மணி 14 நிமிடம் இருக்கையில் இரண்டாம் அடுக்கிலிருந்து எரிபொருள் கசிவது தெரிந்தது. நிறுத்தினார்கள். ராக்கெட்டை ஏவுதளத்திலிருந்து திரும்பக் கொண்டுசென்று, கசிந்த அடுக்கை மாற்றினார்கள். ஏறத்தாழ நான்கரை மாதம் கழித்து, 2014 ஜனவரி 5-ஆம் நாள், உள்நாட்டுக் கிரையோஜெனிக் எந்திரத்துடன் அது வெற்றியோடு எழுந்தது. அப்போது அந்த ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர், கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த கே. சிவன்.

மூன்றாம் நாள் 15 ஜூலை 2019. சிவன் இப்போது இஸ்ரோவின் தலைவர். சந்திரயான்-2 அதிகாலை 2 மணி 51 நிமிடத்துக்குப் புறப்பட வேண்டும். குடியரசுத் தலைவரே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருந்தார். பொதுமக்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 56 நிமிடம் 24 விநாடி இருந்தபோது கடிகாரம் நின்றது. தொழில்நுட்பக் கோளாறு ஒன்று தென்பட்டதால், முன்னெச்சரிக்கையாகப் பயணம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். வந்திருந்தவர் நாட்டின் முதற்குடிமகன் என்பதற்காக ஒரு குறையைக் கண்மூடிக் கடந்து செல்லவில்லை. ஏழு நாள் கழித்து, ஜூலை 22-ஆம் நாள் பிற்பகல் சந்திரயான்-2 புறப்பட்டது. பூமியையும் சந்திரனையும் சுற்றும் நாள்களைக் கணக்கிட்டுக் குறைத்துக்கொண்டமையால், இறங்கும் நாள் ஏறத்தாழ மாறாமலே காக்கப்பட்டது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனச்சான்று இடம் கொடுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேட்டூர் அணையின் மாதிரி ஒன்றைச் சிமெண்டால் செய்திருந்தான். சிறப்பு விருந்தினர் வாயிலுக்கு வந்துவிட்டார். அந்த மாணவன் என்னிடம் ஓடிவந்து, "ஐயா, சிமெண்ட் இன்னும் சரியாக இறுகவில்லை. இன்றைக்குத் தண்ணீர் விடாமல் வெறுமனே காட்டுகிறேனே? நாளைக்குத் தண்ணீர் விடுகிறேன்" என்றான். "விருந்தினர் நாளைக்கு வரமாட்டார் தம்பி. இன்றே விடு" என்றேன் நான். விட்டான். இரண்டு நிமிடத்தில் அணை வாய்பிளந்தது. நீர் மேசையில் வழிந்து, பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வரைந்துவைத்திருந்த படங்களையெல்லாம் நனைத்தது. விருந்தினர் புன்னகையோடு நகர்ந்துவிட்டார். அந்தப் பையன் என் முன்னால் நின்று, "மன்னித்துவிடுங்கள் ஐயா" என்றான். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். அன்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல் என் நெஞ்சில் இன்றும் முள்ளாகத் தைத்திருக்கிறது.

என் பிழையில் நனைந்தவை காகிதங்கள்தாம். ஆனால் அதே பிழை பேரளவில் நிகழ்ந்தபோது உயிர்கள் பலியாயின. 28 ஜனவரி 1986 அன்று அமெரிக்காவின் சாலெஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 விநாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். அவர்களுள் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் ஒருவர். விண்ணிலிருந்து பாடம் நடத்தச் சென்றவர் அவர். அதற்கு முந்திய இரவிலேயே, ராக்கெட் பகுதிகளைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் இணைப்பு வளையங்கள் விறைத்து இறுக்கமாக அடைக்காமற் போகலாம், ஆகவே ஏவ வேண்டாம் என்று எடுத்துரைத்தனர். பயணம் முன்பே சிலமுறை தள்ளிப்போயிருந்தது. மேலிடத்தார் பொறியாளர்களின் சொல்லை ஏற்கவில்லை. மறுநாள் அந்த வளையமே காரணமாயிற்று. குறை தெரியாமல் நிகழ்ந்த விபத்தன்று அது. தெரிந்தவர் சொல்லியும் கேளாமையால் நிகழ்ந்தது. பணியிடத்தில் இளையோன் ஒருவன் "இன்னும் இறுகவில்லை" என்று சொல்லும்போது, கேட்கும் செவி மூத்தோனுக்கு வேண்டும். அது இல்லையேல் எந்தச் சோதனையும் பயனற்றது.

மீண்டும் நம் சந்திரயானுக்கு வருவோம். 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் பின்னிரவில் விக்ரம் என்னும் இறங்கு கலம் சந்திரனை நோக்கித் தாழ்ந்தது. தொலைக்காட்சியின் முன் நாடே கண்கொட்டாமல் அமர்ந்திருந்தது. தரைக்குச் சில கிலோமீட்டர் உயரத்தில் கலம் குறித்த பாதையை விட்டு விலகியது, செய்தி நின்றது. கலம் தரையில் மோதிச் சிதறிவிட்டது. சென்னையில் பணியாற்றிய தமிழ்ப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அமெரிக்க நாசா வெளியிட்ட படங்களைப் பொறுமையோடு ஒப்பிட்டுச் சிதறலின் ஒரு துண்டைச் சுட்டிக்காட்டியதும், அதனை அந்நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் நீங்கள் அறிந்தவையே.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. நாமக்கல் மண்ணில் சோதித்தார்கள்; ஜூலை 15-ஆம் நாள் குறை கண்டு நிறுத்தினார்கள்; இவ்வளவு பொறுமை காட்டியும் ஏன் விழுந்தது? பொறுமையால் பயனில்லை என்று ஆகிவிடாதா?

இக்கேள்விக்கான விடையில்தான் இன்றைய பேச்சின் சாரம் இருக்கிறது. நிறுத்திக் களைந்த குறை ராக்கெட்டினுடையது. ராக்கெட் தன் கடமையைக் குறைவின்றி முடித்தது. ஆனால் இறங்கு கலத்தின் நிரலில் மறைந்திருந்த குறையை எவரும் காணவில்லை. பின்னர் இஸ்ரோவின் தலைவரான சோமநாத் அதனை வெளிப்படையாக விளக்கினார். கலத்தில் ஐந்து எந்திரங்கள் இருந்தன. அவை எதிர்பார்த்ததைவிட மிகுந்த உந்துவிசையைத் தந்தன. அதனால் பாதையில் பிழைகள் சேர்ந்தன. ஆனால் படமெடுப்பதற்காகக் கலம் அசையாது செல்லவேண்டிய கட்டத்தில் அப்பிழைகளை உடனே திருத்திக்கொள்ள நிரல் இடம் தரவில்லை, பிழைகள் குவிந்தன. பின்பு அனைத்தையும் ஒருசேரத் திருத்தக் கலம் மிக வேகமாகத் திரும்பவேண்டி வந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்பவும் நிரல் எல்லை வகுத்திருந்தது. மேலும், இறங்கவேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியதாகக் குறிக்கப்பட்டிருந்தது. தரையை நெருங்கிய நிலையிலும் அந்த இடத்தை எட்டவே கலம் முயன்று தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டது.

நன்றாகக் கவனியுங்கள். தனித்தனியே எதுவும் மடமையன்று. எந்திரம் நல்ல எந்திரம். எல்லை வகுத்ததும் பாதுகாப்புக்காகவே. ஆனால் "எந்திரம் அளவுக்கு மிஞ்சி உந்தினால் என்ன ஆகும்?" என்ற வினா உரிய அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. கேட்கப்படாத வினாவுக்குச் சோதனை விடை தராது. நம் மாவட்டத்து மண் கால்களையும் சக்கரங்களையும் சோதித்தது. கால் ஊன்றும் வரை கலம் வந்துசேருமா என்பதை மண்ணா சொல்லும்?

ஐரோப்பியருக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஏரியான்-5 என்னும் புதிய ராக்கெட் தன் முதற் பயணத்தில் 40 விநாடிக்குள் அழிந்தது. முந்திய ஏரியான்-4 ராக்கெட்டில் நன்றாகப் பணிசெய்த நிரற்பகுதி ஒன்றை அப்படியே இதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட் கிடைமட்டத்தில் மிகுந்த வேகங் கொண்டது. அந்த வேகத்தைக் குறிக்கும் எண், நிரலில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. படியளக்கும் பாத்திரத்தில் மரக்கால் நெல்லைக் கொட்டியதுபோல் எண் வழிந்தது, கருவி நின்றது, ராக்கெட் திசைமாறிச் சிதறியது. முன்பு நன்றாக நடந்தது என்பது இனியும் நன்றாக நடக்கும் என்பதற்குச் சான்றாகாது.

2019-க்குப் பின் இஸ்ரோ செய்ததென்ன? மறுபடியும் விரைவில் ஏவிவிடலாம் என்ற ஆசை முதலில் இருந்தது. 2020-ஆம் ஆண்டே பேச்சில் அடிபட்டது. அது 2021 ஆயிற்று, 2022 ஆயிற்று, முடிவில் 2023 ஆயிற்று. கொரோனாப் பெருந்தொற்று அதற்கு ஒரு காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அந்தக் காலத்தை அவர்கள் வீணாக்கவில்லை. விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக அமைந்த குழு, வினாவையே மாற்றிக் கேட்கத் தொடங்கியது. "எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும்?" என்பது பழைய வினா. "எது எது கெட்டுப்போகலாம்? அது கெட்டாலும் எப்படி இறங்கும்?" என்பது புதிய வினா. வெற்றியை எண்ணி அமைப்பது ஒரு முறை. தோல்வியை எண்ணி அமைப்பது மற்றொரு முறை. இரண்டாவதையே கைக்கொண்டோம் என்றார் சோமநாத்.

அப்புதிய வினாவின் விடைகளாகக் கலம் மாறியது. நடுவிலிருந்த ஐந்தாம் எந்திரம் நீக்கப்பட்டது. கால்கள் வலுப்பெற்றன, விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரைதொடத் தாங்கும் கால்கள் 3 மீட்டர் வேகத்தையும் தாங்குமாறு செய்யப்பட்டன. வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி ஒன்று சேர்க்கப்பட்டது. எரிபொருள் கூடியது. இறங்கும் இடம் 500 மீட்டர்ச் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கத் துணைசெய்தவை, சந்திரயான்-2-இன் சுற்றுக்கலம் எடுத்த நுண்ணிய படங்களே. தங்கை விழுந்தாலும் அக்காள் மேலே சுற்றியபடி அடுத்தவளுக்கு வழிகாட்டினாள் எனலாம். எல்லாவற்றுக்கும் மேலாக நிரல் மாறியது. உணரும் கருவி ஒன்று பழுதுற்றாலும், எந்திரம் ஒன்று குறைந்தாலும் மனங்கலங்காது இறங்குமாறு அது திருத்தி எழுதப்பட்டது. பாரந்தூக்கியில் கட்டித் தொங்கவிட்டும், ஹெலிகாப்டரில் எடுத்துச்சென்றும், சந்திர மண் போன்ற மண்ணில் கால்களை ஊன்றச் செய்தும் மீண்டும் மீண்டும் சோதித்தார்கள்.

2023 ஜூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3 புறப்பட்டது. அது சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தபோது உலகம் வேறொரு காட்சியைக் கண்டது. ஆகஸ்ட் 11-ஆம் நாள் ரஷ்யா அனுப்பிய லூனா-25, நமக்கு முன்னரே அதே தென்பகுதியில் இறங்க விரைந்தது. ஆகஸ்ட் 19-ஆம் நாள் பாதையைத் திருத்த எந்திரத்தை இயக்கியபோது, 84 விநாடியில் நிற்கவேண்டிய எந்திரம் 127 விநாடி எரிந்தது. கலம் சந்திரனில் மோதியது. பிறர் தோல்வியில் மகிழ்வது நம் மரபன்று. கட்டளைகளின் வரிசையில் நேர்ந்த ஒரு சிறு பிசகு, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு பெருநாடு எடுத்த முயற்சியை நிமிடக் கணக்கில் முடித்துவிட்டது என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

அந்த நிலையிலும் இஸ்ரோ ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆகஸ்ட் 23-ஆம் நாள் இறங்குவதென்று உலகுக்கே அறிவித்திருந்தும், இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கலத்தின் நிலையைப் பார்த்து முடிவுசெய்வோம், ஐயம் தோன்றினால் ஆகஸ்ட் 27-க்குத் தள்ளிவைப்போம் என்று சொன்னார்கள். தள்ளவேண்டிய தேவை எழவில்லை. அன்று மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் சந்திரனின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் மெல்லக் கால் ஊன்றியது. சந்திரனில் மெதுவாக இறங்கிய நான்காம் நாடு இந்தியா. தென்துருவப் பகுதியை அடைந்த முதல் நாடு இந்தியா. பின்னர், 26 கிலோ எடையுள்ள பிரக்ஞான் ஊர்தி மண்ணில் இறங்கி உருண்டது. சித்தம்பூண்டிப் பாறைப் பொடியில் பழகிய நுட்பம், அதன் இனத்ததாகிய மெய்யான சந்திர மண்ணில் தடம் பதித்தது.

மாணவர்களே, பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் முன்னோர் மொழி. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விளக்கம் சேர்க்க விரும்புகிறேன். சும்மா இருப்பது பொறுமையாகாது. சந்திரயான்-2 புறப்படும் நாளும் பலமுறை தள்ளிவைக்கப்பட்டதே. அந்தத் தாமதம் மட்டும் அதைக் காக்கவில்லை. தேர்வைத் தள்ளிவைத்தால் மட்டும் மாணவன் தேறிவிடுவானா? தள்ளிவைத்த நாள்களில் அவன் எதைப் படித்தான் என்பதன்றோ கேள்வி! எந்தப் பாடம் தனக்கு வராது என்று கண்டுகொண்டு, அந்தப் பாடத்தின் முன் அமர்கிறவனுக்கே காலம் துணைசெய்யும். அவ்வாறே எல்லாக் குறையும் தீரட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கலமும் புறப்படாது. எந்த மதகும் திறக்காது. டெல்டாவில் நாற்று கருகும். உயிரையோ பணியையோ கெடுக்கும் பெருங்குறை எது, பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு குறை எது என்று பிரித்தறிவதே பொறுப்புள்ளவர் கடன். பெருங்குறை தெரிந்த பின்னும் நாள் குறித்துவிட்டோமே என்று முன்செல்வது வீரமன்று.

உங்களுள் சிலர் நாளை நிரல் எழுதுவீர்கள்; சிலர் பாலம் கட்டுவீர்கள்; சிலர் மருந்து செய்வீர்கள். குறித்த நாள் நெருங்கும். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார். விருந்தினர் வாயிலில் நிற்பார். உங்கள் கண்ணுக்கு மட்டும் ஒரு குறை தெரியும். அப்போது பணிவோடும் தெளிவோடும் "ஐயா, இன்னும் இறுகவில்லை" என்று சொல்லுங்கள். உங்களுள் சிலர் நாளை மேலதிகாரிகளாகவும் ஆவீர்கள். உங்களிடம் ஒருவன் வந்து அவ்வாறு சொன்னால், என்னைப் போல் செய்யாதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள், அவனை உட்காரச் சொல்லுங்கள், எங்கே இறுகவில்லை என்று கேளுங்கள்.

அடுத்த முறை மேட்டூர் அணை திறக்கும் காட்சியைக் காணும்போது, பொங்கிவரும் நீரை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு கதவாக ஏற்றி இறக்கிப் பார்த்த, பெயர் தெரியாத தொழிலாளியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நீர் புறப்படுமுன்னே வேலையை முடித்துவிட்டவர் அவரே.